310 கிராம் சிங்கம்!

மூணாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் சிங்கம் உட்கார்ந்தது.

கதைப்படி அது உட்காரக் கூடாது. முயல் லேட்டா வருவதால் செம கடுப்பில், குகைக்கு வெளியே குறுக்கும் நெடுக்குமாக நடந்து கர்ஜிக்க வேண்டும். ஆனா, மேடைக்கு நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆடிட்டோரியம் முழுக்க விசில். 'மச்சி, சிங்கம் டயர்டாயிடுச்சு... ஒரு டீ சொல்லுங்கடா!' என்று கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன் கத்த, எல்லோருக்கும் சிரிப்பு. சைடு ஸ்க்ரீன் பக்கத்தில் நின்ற நானும் சிரித்தேன். பத்து செகண்ட் கழித்து சிங்கம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. அப்பவும் கைதட்டல்தான்.

ஓடிப்போய்த் தலையைக் கழற்றினோம். உள்ளே என் ரூம்மேட். கண் செருகி, உதடு வெளுத்து, இப்போதுதான் கிணற்றிலிருந்து தூக்கிப்போட்ட மாதிரி வேர்வை.

அந்த சிங்கத்தை டிசைன் பண்ணியவன் அடியேன்.

நான் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு. முதல் வருஷம் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸில் கொஞ்சம் நல்ல மார்க் வாங்கித் தொலைத்த ஒரே பாவத்துக்காக, போன வருஷம் கல்ச்சுரல்ஸில் எங்கள் டிபார்ட்மென்ட் போட்ட பஞ்சதந்திர மியூசிக்கலுக்கு என்னை 'காஸ்ட்யூம் இன்சார்ஜ்' ஆக்கினார்கள். பழைய பைக் ஹெல்மெட் ஒன்று, அதன்மேல் சோபா ஸ்பாஞ்ச், அதன்மேல் சவுகார்பேட்டையில் மீட்டர் கணக்கில் வாங்கிய ஃபர் துணி. பார்ப்பதற்கு சிங்கத்தின் வாய்க்குள்ளே ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வலை. உடம்புக்கும் அதே ஸ்பாஞ்ச், அதே ஃபர். தலை மட்டும் 4 கிலோ, மொத்தம் 9 கிலோ. வண்டலூரில் நிறுத்தினால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள், அவ்வளவு தத்ரூபம்! அப்படித்தான் நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எலக்ட்ரால், டேபிள் ஃபேன், ஈரத்துண்டு என்று ஆளாளுக்கு ஓட, அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ராத்திரி ஹாஸ்டலில் அவன் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ''உள்ள இருந்து உங்க யாரையும் தெரியலடா. பாட்டும் கேக்கல. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.''

அப்புறம்தான் உறைத்தது. மூன்று வாரம் ராப்பகலாக அந்தத் தலையைச் செய்தேன். அளந்தேன், வெட்டினேன், ஒட்டினேன், பெயின்ட் அடித்தேன். ஒரே ஒரு அஞ்சு நிமிஷம் நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

'இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்?' என்று நோண்ட ஆரம்பித்தேன். நியூயார்க் பிராட்வே தியேட்டர்களில் வாரத்துக்கு எட்டு ஷோ. 'தி லயன் கிங்' மியூசிக்கல் அங்கே 1997 நவம்பரில் ஆரம்பித்தது. முழுக்க முழுக்க மிருகங்கள். மனுஷ கேரக்டர் ஒன்றுகூடக் கிடையாது. அந்த சிங்கங்கள் எல்லாம் எப்படி மயங்கி விழாமல் இருக்கின்றன?

பதில் ஒரு தராசில் இருக்கிறது. ராஜா முஃபாஸாவின் முகமூடி எடை 11 அவுன்ஸ். நம்ம கணக்கில் சுமார் 310 கிராம். வில்லன் ஸ்கார் முகமூடி 9 அவுன்ஸ், அதாவது 255 கிராம். ராணி சராபியுடையது 4 அவுன்ஸ், 113 கிராம். நம்ம செல்போனைவிடக் கம்மி பாஸ்! சிலிக்கான் ரப்பரில் வடிவம், அதன்மேல் கார்பன் இழை. ரேஸ் கார் பாடியில் போடுகிற அதே சமாசாரம். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தில் செதுக்கியது மாதிரி கம்பீரமாக இருக்கும். கையில் எடுத்தால் காகிதம்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த முகமூடி முகத்திலேயே கிடையாது! நடிகரின் தலைக்கு மேலே, கிரீடம் மாதிரி நிற்கிறது. கீழே நடிகரின் முகம் முழுசாகத் திறந்திருக்கிறது. கண் தெரிகிறது. வாய் தெரிகிறது. வேர்வைகூடத் தெரிகிறது. மூச்சு விட உலகத்தில் இருக்கிற காற்றெல்லாம் அவருக்கே.

முதல் தடவை போட்டோவில் பார்த்தபோது, 'அடடா, இது என்ன ஏமாற்று வேலை? ஆளே தெரியுறாரே!' என்றுதான் தோன்றியது. ஆனால், வீடியோவில் ரெண்டு நிமிஷம் பார்த்தபிறகு ஒரு வேடிக்கை நடக்கிறது. மேலே சிங்கம், கீழே மனுஷன், ரெண்டையும் சேர்த்து ஒரே ஆளாக நம் மூளை தைத்துக்கொள்கிறது. முஃபாஸா மகனிடம் பாசமாகப் பேசும்போது நம் கண் தானாகக் கீழே இறங்கி மனுஷ முகத்தைப் பார்க்கிறது. கோபப்படும்போது நடிகர் உடம்பைக் குனிகிறார். மேலே நின்ற முகமூடி சர்ரென்று முன்னால் இறங்கி முகத்தை மறைக்கிறது. இப்போ அங்கே சிங்கம் மட்டும்தான். நிமிர்ந்தால் மறுபடி மனுஷன். முஃபாஸா, ஸ்கார் ரெண்டு பேர் முகமூடியும் இப்படி ஏறி இறங்கும் மெஷின். எப்போது மிருகம், எப்போது மனுஷன் என்பதை நடிகரே அந்தந்த நொடியில் முடிவு பண்ணுகிறார்.

இந்த ஐடியாவின் சொந்தக்காரர் ஜூலி டேமோர். இயக்குநரும் அவரே, காஸ்ட்யூம் டிசைனரும் அவரே. முகமூடி, பொம்மைகளை மைக்கேல் கரி என்பவரோடு சேர்ந்து வடிவமைத்தார். அம்மணியின் பயோடேட்டாவே ஒரு தனிக் கட்டுரை. பள்ளிக்கூட வயசிலேயே இலங்கை, இந்தியா என்று ஒரு ரவுண்டு. 16 வயசில் பாரீஸில் மைம் படிப்பு. கல்லூரி முடித்ததும் ஜப்பான் பொம்மலாட்டத்தைப் பார்க்கக் கிளம்பியவர், இந்தோனேஷியா போய் நாலு வருஷம் அங்கேயே தங்கி, சொந்தமாக ஒரு நாடகக் குழு நடத்தினார். அங்கெல்லாம் பொம்மையை ஆட்டுகிறவரை ஒளித்துவைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஜப்பானின் புன்ராகுவில் ஒரு பொம்மைக்கு மூன்று பேர். மூன்று பேரும் ஜனங்களின் கண் எதிரிலேயே நிற்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறவனுக்கு அவர்கள் 'காணாமல்' போய்விடுகிறார்கள்.

டிஸ்னி மாதிரி ஒரு கம்பெனி, 1994-ல் வந்து சக்கைப்போடு போட்ட கார்ட்டூனை மேடையேற்றும்போது என்ன எதிர்பார்த்திருக்கும்? படத்தில் இருப்பதை அப்படியே பெரிய ஸ்பாஞ்ச் பொம்மையாக்கி, உள்ளே ஆளைத் திணிப்பது ரொம்ப ஈஸி. தீம் பார்க்குகளில் கை குலுக்குகிற பொம்மைகள் அப்படித்தான். அந்த வழியில் போயிருந்தால் 9 கிலோ சிங்கம்தான் கிடைத்திருக்கும். டேமோர் உல்டாவாகப் போனார். 1998-ல் டோனி விருது ஆறு. சிறந்த மியூசிக்கல் அதில் ஒன்று. மியூசிக்கல் இயக்கத்துக்காக டோனி வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான். காஸ்ட்யூம் விருதும் அவருக்கே.

சிறுத்தைக்கு ஒரு கயிறு!

எனக்கு அந்த ஷோவில் ரொம்பப் பிடித்தது சிங்கம் இல்லை, சிறுத்தை. ஒரு பெண் நடனக் கலைஞர். அவருக்கு முன்னால் சிறுத்தையின் தலையும் முன்னங்காலும் பெல்ட் போட்டு மாட்டியிருக்கும். அவருடைய சொந்தக் காலே சிறுத்தையின் பின்னங்கால். முன்னங்காலை ஆட்ட ரெண்டு கையிலும் கம்பி. அப்போ தலையை யார் ஆட்டுவது? மூணாவது கை இல்லையே! தன் தலையிலிருந்து சிறுத்தையின் தலைக்கு ஒரு கயிறு. அவர் திரும்பினால் அது திரும்பும். அவர் தலை சாய்த்தால் அதுவும் சாய்க்கும். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. மேடையில் அது கால் நக்கும் அழகைப் பார்த்தால் வீட்டுப் பூனை ஞாபகம் வரும்.

இந்தக் கயிறைப் பார்த்ததும் எனக்குக் கும்பகோணம் பக்கத்து பொம்மலாட்டம் ஞாபகம் வந்தது. நம்ம ஊர் பொம்மைகள் இந்தியாவிலேயே பெரிய சைஸ். நாலரை அடி உயரம், பத்து கிலோ எடை வரைக்கும் போகும். அத்தனை கனத்தையும் விரலிலேயே தாங்க முடியுமா? ஆட்டுகிறவர் தலையில் கிரீடம் மாதிரி ஒரு இரும்பு வளையம் மாட்டிக்கொள்வார். பொம்மையின் கயிறுகள் அதில் கட்டியிருக்கும். அவர் தலை அசைந்தால் பொம்மை அசையும். கைகளுக்குத் தனியாகக் குச்சி. ஜூலி டேமோர் இதைப் பார்த்துத்தான் செய்தார் என்று நான் கதை விடப்போவதில்லை. கையிருப்பு ரெண்டே கை என்றால், தலையைக் கூப்பிட வேண்டும் என்று தஞ்சாவூர்க்காரருக்கும் தோன்றியிருக்கிறது, அவருக்கும் தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான்.

மற்ற ஐட்டங்களும் சும்மா இல்லை. ஒரு நடனக்காரர் தலையில் ஒரு மான், ரெண்டு கையிலும் ஆளுக்கொரு மான். ஒருத்தர் தாவினால் மூன்று மான் தாவும். சைக்கிள் சக்கரம் மாதிரி சக்கரங்கள் கோத்த ஒரு வண்டி இருக்கிறது. தள்ளிக்கொண்டே நடந்தால் அதன்மேல் மான்கள் வரிசையாக எழும்பி எழும்பிக் குதிக்கும். நம்ம லேபில் தூசி படிந்து கிடக்கிற கிராங்க் மெக்கானிஸம் இப்படி ஒரு வேலைக்குப் போகும் என்று எந்த சாராவது சொன்னாரா?

முதல் பாட்டில் வரும் ஒட்டகச்சிவிங்கி 14 அடி. நடிகர் ஆறடி ஏணி ஏறித்தான் அதற்குள் நுழைய வேண்டும். காலுக்கு ரெண்டு, கைக்கு ரெண்டு என நாலு கட்டைக்கால். கழுத்து அவர் தலையிலிருந்து மேலே போகும். யானை 13 அடி நீளம், 9 அடி அகலம். நாலு காலுக்கு நாலு பேர். அது மேடைக்குப் பின்னாலிருந்து வராது. நாம் உட்கார்ந்திருக்கும் சீட்டுகளுக்கு நடுவே, தோளை உரசுகிற தூரத்தில் நடந்துவரும். ஷோ முடிந்ததும் மடக்கிவைத்தால் 34 அங்குல அகலம்தான். இடப் பற்றாக்குறை அமெரிக்காவிலும் உண்டு போல.

துக்கத்தைக் காட்டிய விதம்தான் கிளாஸ். ராஜா செத்ததும் பெண் சிங்கங்கள் அழ வேண்டும். க்ளிசரினா? முகமூடியின் கண்ணிலிருந்து வெள்ளைப் பட்டு ரிப்பனைக் கையாலேயே மெதுவாக உருவுகிறார்கள். நீளமாக வந்துகொண்டே இருக்கிறது. எல்லோருக்கும் அது ரிப்பன் என்று தெரியும். வறட்சி வந்து குளம் வற்ற வேண்டுமா? மேடையில் வட்டமாக விரித்த நீலப் பட்டுத்துணியை நடுவில் இருக்கும் ஓட்டை வழியாகக் கீழே இழுத்துக்கொள்கிறார்கள். குளம் சுருங்கி, சுருங்கி, இல்லாமல் போகும். செலவு ஒரு துணி.

இதைச் சொல்லும்போது எல்லாமே லேசான எடை என்று நினைத்துவிடாதீர்கள். காட்டுப்பன்றி பும்பாவின் உடை 45 பவுண்டு. 20 கிலோ! எங்கள் சிங்கத்தைவிட ரெண்டு மடங்குக்கும் மேல். கீரிப்பிள்ளை ஜாதியைச் சேர்ந்த டிமோன் பொம்மையே 7 கிலோ. பச்சை டிரஸ் போட்ட நடிகர் அதைத் தன் முன்னால் மாட்டிக்கொண்டு, தன் பாதத்தோடு அதன் பாதத்தைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார். அப்போ எடை மட்டும் பிரச்னை இல்லையா? இங்கேதான் ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் புத்தகத்தைத் தூசி தட்டினேன்.

பும்பாவை ஸ்கூல் பேக் மாதிரி முதுகில் மாட்டுகிறார்கள். கனம் தோளுக்கும் இடுப்புக்கும் போகிறது. இமயமலை ஏறுகிறவன் 20 கிலோ பையைச் சுமக்கிறான் இல்லையா, அந்த மாதிரி. முகம் திறந்தே இருக்கிறது. எங்கள் சிங்கமோ மொத்தக் கனத்தையும் கழுத்தில் தொங்கவிட்டது. தலை 4 கிலோ. மூஞ்சி முன்னால் துருத்திக்கொண்டிருந்ததால் அந்தக் கனம் கழுத்துக்கு 20 செ.மீ. முன்னால் நின்றது. பெருக்கிப் பார்த்தால் கழுத்தை முன்னால் இழுக்கும் திருப்புவிசை கிட்டத்தட்ட 8 நியூட்டன் மீட்டர். முஃபாஸா முகமூடியும் அதே 20 செ.மீ. முன்னால் வந்து நிற்பதாக வைத்துக்கொண்டால்கூட 0.6-தான். பதிமூணு மடங்கு வித்தியாசம்! பாட்டு, டான்ஸ், கர்ஜனை, மே மாசம், ஏசி இல்லாத ஹால்... பையன் மூணாவது பாட்டு வரை தாங்கியதே பெரிசு. இந்தக் கணக்கை எக்ஸாமில் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். நண்பன் கழுத்தில் மாட்டும்போது போடத் தோன்றவில்லை.

தத்ரூபம் படுத்தும் பாடு

'எல்லாம் சரி, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இருக்கும்போது இந்தத் துணியும் கயிறும் எதுக்கு?' என்று என் கோஷ்டியிலேயே ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. 2019-ல் அதற்கு ரெண்டு பதில் வந்தது.

முதல் பதில், அந்த வருஷம் ஜூலையில் வந்த புது 'தி லயன் கிங்' படம். தமிழில் சித்தார்த்தும் அர்விந்த் சாமியும் குரல் கொடுத்தார்களே, அதேதான். ஒவ்வொரு முடியும் நிஜ சிங்கத்தின் முடி. வசூலும் எக்கச்சக்கம். ஆனா, அந்த நிஜ சிங்கத்துக்கு நிஜ சிங்கத்தின் முகம்தான் இருந்தது. அப்பா சாகும்போதும் அதே முகம், பாட்டு பாடும்போதும் அதே முகம். விமர்சகர்கள் பலரும் அதைத்தான் குறை சொன்னார்கள். டிஸ்கவரி சேனலுக்கு டப்பிங் கொடுத்த மாதிரி இருந்தது என்பது அடியேனின் தாழ்மையான கருத்து. அடிக்க வராதீங்க.

ரெண்டாவது பதில், டிசம்பரில் வந்த 'கேட்ஸ்'. இது 1981-ல் லண்டனில் மேடையேறி, உலகம் சுற்றிய மியூசிக்கல். ஜான் நேப்பியர் டிசைன். உடம்போடு ஒட்டிய டான்ஸ் உடையில் கையால் வரைந்த கோடுகள், காலில் கம்பளி உறை, தலையில் கவரிமா முடி விக், முகத்தில் மேக்கப். அவ்வளவுதான் பூனை! மீதியை டான்ஸர்களின் முதுகெலும்பு பார்த்துக்கொண்டது. போதாததற்கு மேடையையே குப்பைமேடாக்கி, எல்லாப் பொருளையும் பெரிசு பெரிசாகச் செய்துவைத்தார்கள். பக்கத்தில் நின்றால் மனுஷன் தானாகப் பூனை சைஸுக்கு வந்துவிடுவான். சினிமாவில் அதே பூனைகளுக்கு மனுஷ முகத்தை வைத்து, உடம்பு முழுக்க கம்ப்யூட்டரில் முடி முளைக்கவைத்தார்கள். ட்ரெய்லர் வந்த அன்றே உலகம் அலறியது. ரிலீஸான பிறகு, கிராஃபிக்ஸைச் சரிபண்ணி தியேட்டர்களுக்குப் புது பிரின்ட் அனுப்பிய கூத்தும் நடந்தது. மேடையில் பெயின்ட் அடித்த கோட்டை நம்பிய ஜனங்கள், ஒரிஜினல் மாதிரி முளைத்த முடியை நம்ப மறுத்தார்கள்.

இசை நாடகம் இல்லையென்றாலும் ரெண்டு பேரைச் சொல்லாமல் விட முடியாது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருக்கும் ஹேண்ட்ஸ்ப்ரிங் பொம்மைக் குழு, 2007-ல் லண்டன் நேஷனல் தியேட்டருக்காக 'வார் ஹார்ஸ்' நாடகத்தில் ஒரு குதிரை செய்தது. பிரம்பு வளைத்த கூடு. மேலே சல்லாத்துணி. உள்ளே இருக்கும் ஆட்கள் நன்றாகவே தெரிவார்கள். மூன்று பேர்: தலைக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், பின்பக்கத்துக்கு ஒருவர். அந்தக் குதிரை நின்றுகொண்டு ஒன்றுமே செய்யாதபோதும் அதன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்று பேரும் சேர்ந்து மூச்சு விடுகிறார்கள். காதும் அசையும். குதிரைக்குக் கோபமா, பயமா என்பது காதில்தானே தெரியும். சைக்கிள் பிரேக் மாதிரி லீவரும் கேபிளும்தான் அதற்கு.

இன்னொன்று நம்ம புதுச்சேரிக்காரர் கதை. ஆமா, பை படேல்! 'லைஃப் ஆஃப் பை' 2019-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நாடகமானது. படகில் பையோடு பயணம் போகும் புலி ரிச்சர்ட் பார்க்கரை ஒரு நேரத்தில் மூன்று பேர் இயக்குவார்கள். மாற்றி மாற்றி ஆடிய அந்த ஏழு பேருக்கும் சேர்த்து, 2022-ல் லண்டனின் ஆலிவியர் விருது கொடுத்தார்கள். எந்தப் பிரிவில் தெரியுமா? சிறந்த துணை நடிகர்! புலிக்குள் இருந்தவர்களை 'நடிகர்' என்று ஒத்துக்கொண்டதைப் படித்தபோது, ஏனோ தெரியவில்லை, என் ரூம்மேட்டை எழுப்பிச் சொன்னேன். ராத்திரி ரெண்டு மணி. திட்டினான்.

டேமோர் புராணம் பாடியாச்சு. நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் அவர் 'ஸ்பைடர்மேன்' மியூசிக்கலை பிராட்வேக்குக் கொண்டுவந்தார். நடிகர்கள் ஜனங்களின் தலைக்கு மேலே கம்பியில் பறந்தார்கள். வரிசையாகப் பலருக்கு அடிபட்டது. அந்த டிசம்பரில் ஒரு ஸ்டன்ட் கலைஞர் 20 அடிக்கும் மேலிருந்து விழுந்து படுகாயம். 2011 மார்ச்சில் இயக்குநர் பொறுப்பு அவர் கையைவிட்டுப் போனது. 310 கிராம் முகமூடி செய்தவரின் மேடையிலேயே இதுவும் நடந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படிக்கும்போது எனக்கு அந்த ஆடிட்டோரிய விசில் சத்தம்தான் காதில் கேட்டது. விழுவதும் ஷோவில் ஒரு பகுதி என்று முதல் சில நொடி எல்லோருமே நினைத்திருப்பார்கள் இல்லையா?

இந்த வருஷமும் கல்ச்சுரல்ஸ் உண்டு. அதே கதை, அதே சிங்கம். 'வேண்டாம்டா சாமி' என்று நான் ஒதுங்கப் பார்த்தேன். 'நீ செஞ்சா நான் போடறேன்' என்றது ரூம்மேட். பயல் சொன்னது நம்பிக்கையிலா, பழிவாங்கவா என்று இன்னும் புரியவில்லை.

இந்தத் தடவை ஸ்பாஞ்ச் கிடையாது. ஃபர் கிடையாது. கார்பன் இழைக்கெல்லாம் எங்கள் பட்ஜெட்டில் வாசனைகூட வராது என்பதால், பிரம்பு வளைத்து கூடு. மேலே நியூஸ்பேப்பரும் மைதாப் பசையும் மூன்று அடுக்கு. பிடரிக்குத் தென்னந்துடைப்பக் குச்சி. உள்ளே கட்டட வேலைக்குப் போடுகிற மஞ்சள் ஹெல்மெட்டின் பட்டை மட்டும். முகமூடி நெற்றிக்கு மேலே நிற்கும். குனிந்தால் முன்னால் இறங்க, ஒரு பழைய சைக்கிள் பிரேக் வயர். உடம்புக்கு வெறும் காட்டன் வேட்டி, காவிச் சாயம் போட்டது.

முதல் மாடலை ஹாஸ்டல் வாசல் மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 820 கிராம். ''என்ன தம்பி, சிங்கம் கிலோ எவ்வளவுக்குத் தர்றீங்க?'' என்று அண்ணாச்சி நக்கல் அடித்தார். திரும்பி வந்து பின்பக்கக் கூட்டை வெட்டினேன். ரெண்டாவது மாடல் 640. இப்போ நாலாவது, 560. முஃபாஸாவை எட்ட இன்னும் 250 கிராம் பாக்கி. பசை காய்ந்தால் கொஞ்சம் குறையும் என்று ஒரு நப்பாசை.

இன்னொரு ரூலும் போட்டிருக்கிறேன். எந்த மாடலாக இருந்தாலும் முதலில் நான் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் மத்தியானம் ஒரு மணி நேரம் ஆட வேண்டும். மூணாவது மாடலில் நாற்பதாவது நிமிஷம் நெற்றிப்பட்டை அறுத்துவிட்டது. இன்னும் தழும்பு இருக்கிறது. ஜூனியர்ஸ் மத்தியில் எனக்கு இப்போ பேரே 'வெயில் சிங்கம்'தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட் முதல்முறையாகப் போட்டான். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். இடப்பக்கம் திரும்பினான். வலப்பக்கம் திரும்பினான். குனிந்து முகமூடியை இறக்கினான், பிரேக் வயர் கொஞ்சம் மக்கர் பண்ணி அப்புறம் இறங்கியது. நிமிர்ந்தான்.

''டேய், உன் மூஞ்சி தெரியுதுடா'' என்றான்.

ஷோவுக்கு இன்னும் பதினோரு நாள். பிடரியில் பாதிக் குச்சி ஒட்டவே இல்லை.